பேராக் ரப்பர் தோட்டங்களில் சமூக விலக்கமும் அதன் உளவியல் விளைவுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பேராக் மாநிலத்தின் அரச நகராகிய கோலகங்சாரில், 1877ஆம் ஆண்டளவில் நடப்பட்ட முதல் ரப்பர் கன்றுகளுள் ஒன்று எனக் கருதப்படும் முதுமரம் வேலியிட்டும் பெயர்ப்பலகை வைத்தும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அம்மரத்தின் இனம் பெருகிய காடுகளில் நான்கு தலைமுறையாகப் பால் வெட்டிய தமிழரின் லயங்களோ பெரும்பாலும் தடமின்றி மறைந்துவிட்டன. செம்மோர், சுங்கை சிப்புட் வட்டாரங்களில் வீடமைப்புத் திட்டங்களுக்கும் செம்பனைக் காடுகளுக்கும் இடையே தனித்து நிற்கும் ஒரு மாரியம்மன் கோயிலைக் கொண்டே அங்கு ஒரு குடியிருப்பு இருந்ததை இன்று உய்த்துணர வேண்டியுள்ளது.

மலேசியத் தோட்டத் தமிழரின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. கெர்னியல் சிங் சாந்து (1969) குடியேற்றத்தையும், சின்னப்பா அரசரத்தினம் (1970) சமுதாய அமைப்பையும், மைக்கேல் ஸ்டென்சன் (1980) வர்க்க, இன உறவுகளையும் ஆராய்ந்துள்ளனர். இவ்வாய்வுகள் ஊதியம், எண்ணிக்கை, சட்டம், தொழிற்சங்கம் ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. ஒரு மக்கட்கூட்டம் தலைமுறை தலைமுறையாகப் பொதுவாழ்விலிருந்து விலக்கி வைக்கப்பட்டபோது அம்மக்களின் மனத்தில் நிகழ்ந்தது யாது என்னும் வினா அவற்றில் ஓரத்திலேயே நிற்கிறது. இக்கட்டுரை அவ்வினாவைப் பேராக் மாநிலத்தை முதன்மைக் களமாகக் கொண்டு ஆராய முற்படுகிறது.

தோட்டம் தமிழரை வெளியுலகிலிருந்து விலக்கிய மதிலாக இருந்தது. அதே வேளையில், அவ்விலக்கத்தின் வலியைத் தாங்கிக்கொள்ள உதவிய உறவுகளும் அம்மதிலுக்கு உள்ளேதான் வளர்ந்தன. ஆகவே தோட்டங்கள் மறைந்தபோது விலக்கம் மறையவில்லை. அதனைத் தாங்கும் துணையே மறைந்தது. பிற்காலச் சிக்கல்கள் பலவற்றிற்கு இதுவே அடிப்படை என்பது இக்கட்டுரையின் துணிபு.

சமூக விலக்கம்: கருத்து விளக்கம்

'விலக்கப்பட்டோர்' என்னும் கருத்தை நவீனச் சமூகக் கொள்கைச் சொல்லாடலில் பரவச் செய்தவர் பிரெஞ்சு ஆட்சிப்பணியாளர் ரெனே லெனுவார். 1974இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பின்னர் இச்சொல் ஐரோப்பியச் சமூகவியலில் நிலைபெற்றது. வறுமை ஒருவரிடம் இல்லாததைக் குறிக்கும். விலக்கமோ ஒருவரைப் பிறர் எங்கே நிறுத்துகின்றனர் என்பதைக் குறிக்கும். வறியவர் அனைவரும் விலக்கப்பட்டவர் அல்லர். விலக்கப்பட்டவர் அனைவரும் வறியவரும் அல்லர்.

உளவியலார் இக்கருத்தைச் சோதனைவழி ஆராய்ந்துள்ளனர். கிப்ளிங் வில்லியம்ஸ் என்பாரின் ஆய்வுகளின்படி, புறக்கணிப்பு மனிதரின் நான்கு அடிப்படைத் தேவைகளைத் தாக்குகிறது. பிறரோடு சேர்ந்திருத்தல், தன்மதிப்பு, தன் வாழ்வின்மீது தனக்குள்ள கட்டுப்பாடு, தன் இருப்புக்குப் பொருளுண்டு என்னும் உணர்வு என்பன அவை. 2003ஆம் ஆண்டு ஐசன்பெர்கர், லீபர்மன், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில், கணினிப் பந்து விளையாட்டு ஒன்றில் தமக்குப் பந்து வராமல் ஒதுக்கப்பட்டோரின் மூளையில், உடல் வலியோடு தொடர்புடைய பகுதியொன்று செயலூக்கம் பெற்றமை கண்டறியப்பட்டது. இம்முடிவின் பொருள் குறித்துப் பின்னர் விவாதங்கள் எழுந்தபோதிலும், புறக்கணிப்பு மெய்யாகவே வலிக்கிறது என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

புறக்கணிப்பின் விளைவுகளை வில்லியம்ஸ் மூன்று கட்டங்களாகப் பகுக்கிறார். முதற்கட்டம் உடனடி வலி. இரண்டாம் கட்டத்தில் மனிதர் இழந்ததை மீட்க முனைகின்றனர். சேர்ந்திருத்தலும் தன்மதிப்பும் தாக்கப்பட்டவர் பிறருடன் இணங்கிப் போகவும் புதிய குழுக்களில் சேரவும் முயல்கின்றனர். கட்டுப்பாடும் இருப்புணர்வும் தாக்கப்பட்டவர் சினத்தாலும் வன்மையாலும் தம்மைக் காட்டிக்கொள்ள முயல்வதுண்டு. விலக்கம் நீங்காது தொடருமாயின் மூன்றாம் கட்டமாகிய மனந்தளர்வு வருகிறது. அதில் முயற்சியே நின்றுபோகிறது.

சோதனைக்கூடத்தில் சில நிமிடங்களில் அளக்கப்பட்டதை ஒரு நூற்றாண்டு வரலாற்றின்மீது அவ்வாறே பொருத்துதல் முறையாகாது. மறைந்த தலைமுறைகளை நாம் வினவவும் இயலாது. எனினும் அவர்கள் எழுப்பிய கோரிக்கைகளும், கட்டிய நிறுவனங்களும், வழங்கிய சொற்களும் எஞ்சியுள்ளன. அவற்றைச் சான்றாகக் கொள்ளலாம்.

எல்லைக்குள் அடைத்து விலக்குதல்

பேராக்கில் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் குடியேறத் தொடங்கியது ரப்பருக்கு முன்னரேயாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கிரியான் மாவட்டக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அவர்கள் கொண்டுவரப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விரிவடைந்தபோது கங்காணி முறை ஓங்கியது. 1907இல் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. 1910இல் ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதித்தது.

கங்காணி தன் சொந்த ஊரிலும் அயலூர்களிலும் இருந்தே ஆள் திரட்டினான். ஆதலால் ஒரே வட்டாரத்தாரும் உறவினரும் ஒரே தோட்டத்தில் வந்து சேர்ந்தனர். கடன் சுமையாலும் கங்காணியின் அதிகாரத்தாலும் அம்முறை கொடியது. ஆயினும் பிறந்த மண்ணை இழந்தவர் உறவை முழுவதும் இழக்காமல் வந்து சேர்ந்ததற்கும் அதுவே காரணம் என்பதை மறுக்க இயலாது.

தோட்டத்தினுள் லயம், மளிகைக் கடை, கள்ளுக்கடை, ஆயாக் கொட்டகை, மருந்தகம், கோயில், பள்ளி ஆகிய அனைத்தும் இருந்தன. விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுப்பது முதல் இரவு விளக்கணைப்பது வரை ஒரு குடும்பத்தின் வாழ்வு ஒரே நிருவாகத்தின் பார்வையில் கழிந்தது. உறைவிடம், தொழில், ஓய்வு ஆகிய மூன்றும் ஒரே அதிகாரத்தின் கீழ் அடங்கும் அமைப்புகளை எர்விங் கோஃப்மன் 1961இல் 'முழுமை நிறுவனம்' எனக் குறித்தார். மனநோய் விடுதி, சிறை, படைமுகாம் ஆகியவை அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள். மலாயாத் தோட்டமொன்றில் களப்பணி செய்து 1970இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் உள்ளிட்டோர் தோட்ட வாழ்வை இக்கருத்தோடு இணைத்து நோக்கியுள்ளனர். ஆயினும் சிறைக்குள் குடும்பம் வளர்வதில்லை, தோட்டத்தில் வளர்ந்தது. திருமணமும் திருவிழாவும் தாலாட்டும் ஒப்பாரியும் அங்கே இருந்தன. இவ்வேறுபாடு முக்கியமானது.

பள்ளியின் நிலையை நோக்கினால் அடைத்து விலக்கும் முறை தெளிவாகும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தது. சட்டத்தின் நோக்கம் நன்று. நடைமுறையில் அப்பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றது. ஈப்போவின் ஆங்கிலப் பள்ளிகளுக்குச் செல்லும் பாதை பெரும்பாலான பால்வெட்டுக் குடும்பங்களுக்கு மூடியே இருந்தது. தந்தை வெட்டிய நிரையைப் பிள்ளை வெட்டுவது இயல்பு என்னும் எண்ணம் இவ்வாறு உருவாயிற்று. ஒரு பிள்ளையின் எதிர்காலம் அதன் முயற்சிக்கு முன்பே முடிவு செய்யப்பட்டுவிட்டது என்னும் உணர்வு, வில்லியம்ஸ் கூறும் கட்டுப்பாட்டுத் தேவையை வேரிலேயே தாக்குவதாகும்.

பெயரும் மிதிவண்டியும்: தன்மதிப்பின் வரலாறு

விலக்கம் முதலில் பெயரில் தொடங்குகிறது. 'கூலி' என்பது உழைப்பின் பயனைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல். காலனித்துவ ஆவணங்களில் அது உழைப்பவனின் பெயராயிற்று. பெறும் ஊதியமே ஆளின் பெயரானபோது, அந்த ஆளுக்கு வேறு அடையாளம் தேவையற்றதாயிற்று. தன் மொழியின் சொல்லே தன்னை இழிக்கும் சொல்லாகத் திரும்பி வருவதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகளின் மனநிலையைச் சிந்தித்தல் வேண்டும்.

தன்மதிப்பு குறித்துத் தொழிலாளர் என்ன நினைத்தனர் என்பதற்கு எழுத்துச் சான்று அரிது. அவ்வகையில் பேராக்கிற்கு வெளியே, சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம் விலைமதிப்பற்ற சான்றாகும். இரு மாநிலங்களிலும் தோட்ட ஒழுங்கு ஒரே தன்மையதாக இருந்தமையால் அதனை ஈண்டு எடுத்துக்கொள்வது பொருந்தும். ஆர். எச். நாதன் தலைமையில் திரண்ட தொழிலாளர் சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம் கேட்டனர். அத்துடன், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களைத் துன்புறுத்துவதை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோதல், துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் மிதிவண்டியில் ஏறிச் செல்லும் உரிமை ஆகியவற்றையும் கேட்டனர்.

இறுதியிற் கூறிய கோரிக்கை ஆழ்ந்து நோக்கத்தக்கது. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்றல் வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. அவ்வாறு இறங்குவதால் ஒருவருக்குப் பணமிழப்பு ஏதுமில்லை. இருந்தும், வேலையையும் உறைவிடத்தையும் பணயம் வைத்து நடத்திய போராட்டத்தில் அதனையும் ஒரு கோரிக்கையாக எழுதினர். தம் மனைவி மக்கள் காண நாள்தோறும் இறங்கி நின்ற ஒருவனின் மனக்காயம் ஊதிய உயர்வால் ஆறாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். உளவியலார் பிற்காலத்தில் 'தன்மதிப்பு' என்று பெயரிட்டதை அவர்கள் மிதிவண்டி என்னும் பருப்பொருளால் உணர்த்தினர். அவ்வேலைநிறுத்தம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்; நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில் (1942-1945) ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். அதே காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்ட இளைஞரும் பெண்களும் சீருடை அணிந்து நிமிர்ந்து நடந்தனர். ஒரே மூன்றாண்டில் பேரிழிவும் பெரும் மதிப்பும் ஒருசேர நேர்ந்தன. போருக்குப் பின்னர் துரைமார் திரும்பி வந்தபோது பழைய பணிவு திரும்பவில்லை. 1945க்கும் 1948க்கும் இடையே பெருகிய வேலைநிறுத்தங்களைப் பொருளாதாரக் காரணங்களால் மட்டும் விளக்க முடியாது.

விலக்கப்பட்டோருக்குள் விலக்கம்

தோட்டத் தமிழரை ஒருமித்த சமுதாயமாகக் காட்டுவது வரலாற்றுக்கு உண்மையாகாது. தோட்டங்களில் சாதியுணர்வு நிலவியமையை இராஜகிருஷ்ணன் 1984இல் வெளியிட்ட ஆய்வு விரிவாக எடுத்துரைக்கிறது. முற்காலத்தில் லயங்களே சாதியடிப்படையில் பிரிந்திருந்தன. கோயில் நிருவாகத்திலும் திருவிழா மரியாதைகளிலும் ஒடுக்கப்பட்டோர் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். துரைக்கு முன் இறங்கி நின்றவர், தன் லயத்திற்குத் திரும்பியதும் இன்னொருவரை எட்டி நிற்கச் சொன்னதுண்டு.

இம்முரண்பாட்டுக்கு அம்பேத்கரின் விளக்கமே மிகப் பொருத்தமானது. சாதி என்பது படிநிலைச் சமமின்மை. மேலே செல்லச் செல்ல மதிப்பும் கீழே செல்லச் செல்ல இழிவும் கூடும். ஆதலால் ஒவ்வொரு படியிலும் நிற்பவருக்குத் தமக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்னும் ஆறுதல் கிடைக்கிறது என்பது அவர்தம் கருத்தின் சாரம். தன்மதிப்பை இழந்தவர் அதனை மீட்க எளிய வழியாகத் தமக்குக் கீழே ஒருவரைத் தேடுவர். விலக்கம் இவ்வாறு தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது.

இதனை எதிர்த்த குரலும் பேராக்கில் எழுந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்து ஈப்போவில் நடைபெற்ற தமிழர் சீர்திருத்த மாநாட்டில் கலந்துகொண்டார். அம்மாநாட்டுக்குப் பின் சுயமரியாதைக் கருத்துகள் தோட்டங்களில் பரவின. சீர்திருத்தத் திருமணங்களும் படிப்பகங்களும் தோன்றின. இயக்கத்தின் பெயரே 'சுயமரியாதை' என அமைந்தது கருதத்தக்கது. ஊதியமும் உரிமையும் பேசுவதற்கு முன்னரே, தன்னைத் தானே மதித்தல் என்னும் உளவியல் மாற்றத்தை அது முன்வைத்தது.

நகரத் தமிழரின் பங்கையும் இவ்விடத்தில் குறிப்பிடல் வேண்டும். ஈப்போவின் வணிகரும் அலுவலரும் ஆசிரியரும் தோட்ட மக்களைத் தம்மவர் எனக் கருதியோ கருதாமலோ வாழ்ந்தனர். 'தோட்டத்தான்' என்னும் சொல் வசையாக வழங்கியது தமிழரிடையேதான். அதனைத் துரைமார் உருவாக்கவில்லை. இன்றும் எம் பல்கலைக்கழக மாணவருள் சிலர் தாம் பிறந்த தோட்டத்தின் பெயரைக் கூறாது அருகிலுள்ள நகரத்தின் பெயரைக் கூறுவதைக் காணலாம். அவர்தம் பாட்டனார் பால் வெட்டியதில் வெட்கப்பட ஏதுமில்லை. அவ்வெட்கம் அவர்களிடம் கற்பிக்கப்பட்டது.

ஆவணத்தால் விலக்குதல்

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. போர்க்குணம் கொண்ட தொழிற்சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். பாதுகாப்புக்காக லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன; ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டன. முன்பு கண்ணுக்குத் தெரியாதிருந்த தோட்டத்தின் எல்லை இப்போது கம்பிவேலியாகவே கண்முன் நின்றது. அக்காலத்தில், 1954இல் தோன்றிய தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் ஊதியப் பேச்சுவார்த்தையில் கவனம் செலுத்தியது.

1957இல் நாடு விடுதலை பெற்றது. விடுதலை நாளன்றும் அதற்குப் பின்னரும் பிறந்தோர்க்குப் பிறப்பால் குடியுரிமை கிட்டியது. முன்னரே பிறந்தவரும் இந்தியாவிலிருந்து வந்தவரும் பலர் அதற்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எழுத்தறிவின்மை, பிறப்புச் சான்று இன்மை, என்றேனும் ஊர் திரும்பலாம் என்னும் நினைவு, வழிகாட்டுவார் இன்மை ஆகியவற்றால் பலர் விண்ணப்பிக்கத் தவறினர். தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வெளியுலகை அறிந்த ஒருவருக்கு, அரசு அலுவலகத்தின் படிகளில் தானே ஏறிச் செல்வது பழக்கமில்லாத செயல். அடைத்து வைத்தலின் விளைவு இங்கே ஆவணமில்லாமையாக முதிர்ந்தது.

1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. 1969 மே நிகழ்வுகளுக்குப் பின் அது கடுமையாகச் செயற்படுத்தப்பட்டபோது, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர் வேலை உரிமம் பெற வேண்டியவராயினர். ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்பினர் என ஆய்வாளர் கணித்துள்ளனர். ஒரே லயத்தில், ஒரே குடும்பத்தில், ஒருவரிடம் நீல அட்டையும் இன்னொருவரிடம் சிவப்பு அட்டையும் இருந்தன. அரை நூற்றாண்டு உழைத்த மண் ஓர் அட்டையின் நிறத்தால் அயல்மண்ணாயிற்று.

இவ்விலக்கம் முன்னையதினும் வேறுபட்டது. துரையின் முன் இறங்கி நின்றவன் இழந்தது மதிப்பை. சிவப்பு அட்டைக்காரன் இழந்ததோ தான் இங்கு இருப்பதற்கான பொருளை. நான்காம் தேவையாகிய இருப்புணர்வு இவ்வாறே தாக்கப்பட்டது. குடியுரிமை ஆவணமில்லா இந்தியரைப் பதிவு செய்ய 2011ஆம் ஆண்டிலும் 'மைடாஃப்தார்' என்னும் தனி இயக்கம் நடத்த வேண்டியிருந்தமை, 1957இல் விடுபட்ட ஒரு தாள் மூன்று தலைமுறைக்குப் பின்னும் குடும்பங்களைத் தொடர்ந்து வருத்தியதைக் காட்டும்.

சிதறலும் துணையிழப்பும்

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். 'தோட்டத் துண்டாடல்' என்று வழங்கும் இந்நிகழ்வை அரசின் வேண்டுகோளின்படி உங்கு அசிஸ் ஆராய்ந்தார். துண்டாடலில் தொழிலாளி வேலையை மட்டும் இழக்கவில்லை. லயம் நிருவாகத்தின் உடைமை ஆதலால் வேலை போன அன்றே வீடும் போயிற்று. வீட்டோடு பள்ளியும் கோயிலும் அண்டை வீட்டாரும் போயினர்.

இதற்கு எழுந்த மறுமொழிகளுள் தலையாயது பேராக் மண்ணிலிருந்து வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை விலைக்கு வாங்குவது அதன் திட்டம். தோட்டந்தோறும் சென்று அவர் உறுப்பினரைச் சேர்த்தார். பொருளாதார நோக்கில் இதன் நிறைகுறைகள் பலவாறு விவாதிக்கப்பட்டுள்ளன. உளவியல் நோக்கில், தன் வாழ்வின் அடிப்படையைத் தானே தீர்மானிக்கலாம் என்னும் நம்பிக்கையைப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு முதன்முதலாகக் கொடுத்தது இம்முயற்சி எனலாம். இரவல் லயத்தில் பிறந்தவர் தோட்டத்தின் பங்குதாரர் ஆனார். 1954இல் சுங்கை சிப்புட்டில் அவர் முயற்சியால் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையும் இவ்வகையில் நோக்கத்தக்கதே.

1980களுக்குப் பின்னர் மாற்றம் விரைவுற்றது. ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை வந்தது; தொழிலாளர் தேவை குறைந்தது; அயல்நாட்டுத் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர்; நகரத்தை ஒட்டிய நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. வெளியேறிய குடும்பங்கள் புந்தோங் போன்ற குடியிருப்புகளிலும் புறநகர்ப் புறம்போக்குகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறின.

புந்தோங் இதில் ஒரு படிப்பினையாகும். அங்குள்ள கச்சாங் பூத்தே கிராமத்தில் தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் கடலையும் முறுக்கும் செய்து விற்கும் தொழிலை உறவுக் குழுவாகவே வளர்த்து நிலைபெற்றன. அவர்களிடம் பெருமுதல் இருக்கவில்லை. உறவும் தொழிலும் சிதறாமல் இருந்தன. தோட்டத்திலிருந்து தனித்தனிக் குடும்பங்களாகச் சிதறி வந்தோர்க்கு அந்நிலை வாய்க்கவில்லை. அடுத்த கதவில் வாழ்பவர் யாரென்று அறியாத அடுக்குமாடியில், தாயும் தந்தையும் தொழிற்சாலை முறைவேலைக்குச் சென்றபின், பிள்ளையைக் கவனிக்க ஆயாவும் இல்லை. அதட்டிக் கேட்கப் பெரியப்பாவும் இல்லை.

இளைஞருள் ஒரு சாரார் குண்டர் கும்பல்களில் சேர்ந்த வரலாற்றை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ள வேண்டும். 2013இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினருள் பெரும்பான்மையோர் இந்தியர் எனத் தெரியவந்தது. இதனை இனத்தின் இயல்பாகக் காட்டுவோர் உளர். கும்பல் ஓர் இளைஞனுக்கு என்ன தருகிறது என எண்ணிப் பார்த்தல் நலம்: சேர்ந்திருக்க ஒரு குழு, அஞ்சி வழிவிடும் தெரு, மதித்து அழைக்கும் பெயர், தான் ஒரு பொருட்டு என்னும் உணர்வு. நான்கு தேவைகளையும் அது தவறான வழியில் நிறைவேற்றிக் கொடுக்கிறது. குற்றத்திற்கு இது நியாயமாகாது. குற்றத்தைத் தடுக்க முனைவோர் அறியவேண்டிய காரணமாகும்.

சினம் வெளியே செல்லாதபோது உள்ளே திரும்புகிறது. பேராக்கை அடுத்த கேமரன் மலையில் தற்கொலை குறித்து மனநல மருத்துவர் த. மணியம் 1988இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் தம் மக்கள்தொகை விகிதத்தை மீறிய அளவில் பாதிக்கப்பட்டிருந்ததைச் சுட்டியது. இத்தகைய துயரத்தைத் தோட்ட வழக்கில் கூறுவதற்குச் சொல் இல்லை. ஒன்று பேய் பிடித்தது என்பர். இல்லையேல் தஞ்சோங் ரம்புத்தான் என்பர். ஈப்போவுக்கு அருகே 1911இல் தொடங்கப்பட்ட அம்மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயர் நாடு முழுவதும் ஏளனச் சொல்லாகவே வழங்கிவிட்டது. மனவலியை ஒப்புக்கொண்டால் மேலும் ஒரு முறை விலக்கப்படலாம் என்னும் அச்சம் பலரை மருத்துவரிடம் செல்லவிடாமல் தடுத்தது. இன்று அவ்வச்சம் ஓரளவு குறைந்துள்ளது, முற்றிலும் நீங்கவில்லை.

தோட்டக் கோயில்களின் சிக்கலையும் இதனோடு இணைத்துக் காணல் வேண்டும். நிலம் கைமாறியபோது நெடுங்காலக் கோயில்கள் பல ஒரே நாளில் அனுமதியற்ற கட்டடங்களாயின. 2007 அக்டோபரில் சிலாங்கூரின் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணியில் பல்லாயிரவர் திரண்டனர். 2008 மார்ச்சில் சுங்கை சிப்புட் தொகுதியே அரசியல் வரலாற்றில் இடம்பெறும் தீர்ப்பை வழங்கியது. தோட்டம் போனபின் அங்கு வாழ்ந்ததற்கு எஞ்சியிருந்த ஒரே சான்று கோயில். அதனை அகற்றுவது தாம் வாழ்ந்ததையே மறுப்பதாக அம்மக்கள் உணர்ந்தனர். ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் திரளும் கூட்டத்தில், எங்கெங்கோ சிதறிய முன்னாள் தோட்டக் குடும்பங்கள் ஒருவரையொருவர் தேடிக் காண்பதும் இவ்வுணர்வின் இன்னொரு முகமே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, பேராக் தோட்டத் தமிழர் எதிர்கொண்ட விலக்கம் அடைத்தல், ஆவணம், சிதறல் என மூன்று வடிவங்களில் மாறிவந்தது. ஒவ்வொன்றும் மனத்தின் வெவ்வேறு தேவையைத் தாக்கியது. இரண்டாவது, மக்கள் எக்கட்டத்திலும் வாளா இருக்கவில்லை. மிதிவண்டிக் கோரிக்கை, சீர்திருத்த இயக்கம், கூட்டுறவுச் சங்கம் ஆகிய அனைத்தும் இழந்ததை மீட்கும் முயற்சிகளே. மூன்றாவது, இறுதிக் கட்டத்தில் அம்முயற்சிகளுக்கு அடித்தளமான கூட்டு வாழ்வே குலைந்ததால் மனந்தளர்வும் வன்மையும் மிகுந்தன.

ஆகவே முன்னாள் தோட்ட மக்களுக்கு வீடும் உதவித்தொகையும் வழங்குவது இன்றியமையாதது, அதுமட்டும் போதுமானதன்று. மறுகுடியேற்றத்தின்போது அண்டைக் குடும்பங்களைப் பிரிக்காமல் ஒன்றாகக் குடியமர்த்தல், பள்ளியையும் கோயிலையும் உடன் கொண்டுசெல்லல், முடிவெடுக்கும் அவைகளில் அம்மக்களையே அமர்த்தல் ஆகியவை உளநலத்திற்கான நடவடிக்கைகளாகவே கருதப்பட வேண்டும். சாதி, வர்க்க வேற்றுமையால் தமிழர் தமக்குள்ளேயே இழைத்த விலக்கத்தைப் பேசாமல் பிறர் இழைத்ததை மட்டும் பேசுவது நேர்மையாகாது என்பதும் உடன் கூறத்தக்கது.

இத்துறை மாணவர்க்கு உடனடிக் கடமை ஒன்று உண்டு. துரைமார் காலத்துப் பெரட்டில் நின்ற தலைமுறை எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்துவிட்டது. அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்யும் காலம் மிகக் குறுகியது. நாட்டிலேயே மிகுதியாகத் தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலம் பேராக். அங்குள்ள 134 பள்ளிகளுள் எல்பில், செம்மோர், கிளேபாங் எனப் பல இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளும் குறிப்பேடுகளும் கறையான் அரிப்பதற்கு முன் படியெடுக்கப்பட வேண்டும். அவற்றில் உள்ள ஒவ்வொரு பெயரும், 'கூலி' என ஒரு சொல்லில் அடக்கப்பட்ட கூட்டத்திலிருந்து மீட்கப்படும் ஒரு மனிதரின் பெயராகும்.